புதுப்பிப்பு: மெக்கானிக்கல் படிப்பில் ஆட்டோமேஷன் எடுத்தாச்சு

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்கிறேன், புரோகிராம் எழுதத் தெரியாது, ஆட்டோமேஷன் பாடம் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். லேடர் லாஜிக், அதாவது ஏணி மாதிரிப் படமாக புரோகிராம் எழுதும் முறை, பயப்படும் அளவுக்கு இல்லை. பழைய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுப்படம் மாதிரிதான். பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) முதலில் உள்ளீடுகளைப் படிக்கும், புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டும், கடைசியில்தான் வெளியீடுகளை மாற்றும். அதனால் ஒரே காயிலை (ஒரு வெளியீட்டைக் குறிக்கும் குறியீடு) இரண்டு இடத்தில் எழுதினால் கீழே இருப்பதுதான் ஜெயிக்கும்! காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர், வால்வு எல்லாம் மெக்கானிக்கல் ஆட்களுக்குப் பழக்கமானவை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவசர நிறுத்தப் பொத்தான். அதைச் சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடர்பாகவே இணைக்கிறார்கள். பொத்தானை அழுத்தாதவரை அதில் மின்சாரம் ஓடும்; அதனால் கம்பி அறுந்தாலும் மின்சாரம் தடைபட்டு இயந்திரம் நின்றுவிடும். அடுத்த பருவத்தில் பிஐடி கட்டுப்பாடு, அதாவது பிழையையும் அதன் தொகையீட்டையும் வகையீட்டையும் வைத்துத் திருத்தும் முறை. அப்புறம் என்ன, வகையீடு, தொகையீடு எல்லாவற்றையும் தூசி தட்ட வேண்டியதுதான்.