கோடியக்கரை போகிறோம், விவரம் சொல்லுங்கள்

வணக்கம். பொங்கல் விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போகிறோம். சரணாலயத்தில் வெளிமான் பார்க்கக் காலையில் போவது நல்லதா, சாயங்காலமா? பெரியவளுக்குப் பூநாரை என்றால் உயிர். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்தி அது இரை தேடுவதைக் கிட்டத்தில் பார்த்தே ஆக வேண்டுமாம். ஜனவரியில் எந்தப் பக்கம் கூட்டமாக இறங்கும்?

அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க முடியாது. ராமர் பாதம் வரை வண்டி போகுமா? அப்புறம், 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் எந்நேரமும் திறந்திருக்குமா?

வேதாரண்யத்தில் குடும்பத்தோடு தங்கச் சுத்தமான இடமும், நல்ல மீன் சாப்பாட்டுக் கடையும் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.