புதுப்பிப்பு: பாழடைந்த தோப்பு வீடுகள் – கூரையும் கிணறும்

ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஆளில்லாத தோப்பு வீடுகளை மார்கழியில் சுற்றிப் பார்ப்பது பற்றிய பதிவில் சுவரோடு நிறுத்தியிருந்தேன். கூரை, கிணறு பற்றிப் பலர் கேட்டதால் இது.

கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டமான பனங்கையைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். வெளியே கெட்டியான வைரம் அப்படியே நிற்கும், உள்ளே மெதுவான சோற்றைக் கரையான் தின்றிருக்கும். சுவருக்குள் செருகிய முனையில்தான் முதலில் போகும்; பவளக்கல் சுவர் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு லேசில் காயாது. வாசலில் நின்றபடியே நீளக் கம்பால் அந்த முனையைத் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே போகாதீர்கள். பிற்பாடு போட்ட கான்கிரீட் தளம் இன்னும் மோசம்: உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பாளம் பாளமாகத் தள்ளும். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வாக்கில் பழுப்புக் கோடு தெரிந்தால் அதன் கீழே நிற்கவே கூடாது.

உறைகளை (வளையங்களை) அடுக்கிக் கட்டிய உறைகிணற்றுக்கு இரண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். உறை இடுக்கு வழியே மணல் உள்ளே சரிந்து, வெளியே தரை பொள்ளலாக இருக்கும். கொடி மூடிவிட்டால் விளிம்பே தெரியாது.

மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடக்கும் கூரை ஓடுகளைக் கையால் புரட்டாதீர்கள், அடியில் சுருட்டை விரியன் என்ற விஷப்பாம்பு கிடக்கும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல் நேரே அரசு மருத்துவமனைக்கு.

உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.