தனியாகச் சொன்னால் வருகிறது, ஒத்திகையில் வரவில்லை

கேள்வி:
நாடகத்தில் எனக்குப் பெரிய வேடம். அறைக்குள் தனியாகச் சொன்னால் வசனம் கடகடவென்று வருகிறது. எதிரே ஆள் நின்றால் மண்டை காலி. அதிலும் "நீ போனது எனக்குத் தெரியும்" என்ற வரி இரண்டு காட்சிகளில் வருகிறது. முதல் காட்சியிலேயே கடைசிக் காட்சிக்குத் தாவிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
உங்கள் வசனத்தை மட்டும் படிக்கிறீர்கள் போல. எதிராளியின் கடைசி நாலைந்து சொற்களோடு சேர்த்துப் படியுங்கள். அவர் பகுதியைக் கைபேசியில் பதிந்து, உங்கள் முறைக்கு இடைவெளி விட்டு ஓட விடுங்கள். பிரதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் வரும். தாளை மூடிவிட்டுத் திணறுங்கள், அப்போதுதான் ஏறும்.

பதில் 2:
அந்த இரட்டை வரியை அசைவோடு கட்டிவிடுங்கள். முதலில் நாற்காலியைப் பிடித்தபடி, கடைசியில் கதவருகே. ஏன் சொல்கிறீர்கள் என்பதும் இரண்டு இடத்திலும் வேறாகத்தானே இருக்கும்?

கேட்டவர்:
ஆமாம், முதலில் மிரட்டல், பிறகு கெஞ்சல். ஆனால் நாற்காலி எங்கே என்று இயக்குநரே இன்னும் முடிவு செய்யவில்லை!

பதில் 3:
சரி, அதுவரை கையையாவது கட்டிக்கொண்டு சொல்லுங்கள். அப்புறம், ஒரே இரவில் உருப்போடாதீர்கள். பல நாள்களுக்குப் பிரித்துப் படித்தால் நன்றாக நிற்கும் என்று நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார்.