தோள்மூட்டு மாத்தின பிறகு திரும்பத் துவக்குத் தூக்கினாக்கள் ஆரும் இருக்கிறியளோ?

ஸ்காபரோ வேடன்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 61, கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். மே மாசக் கடைசியில எனக்கு வலது தோள்மூட்டை முழுசா மாத்தினவை. மூட்டுவாதம், எலும்போட எலும்பு உரஞ்சி கடைசி ரெண்டு வருசமா அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கேலாது, குளிர்கோட்டுப் போடுறதெண்டாலும் மனுசி பின்னால நிண்டு கையைப் பிடிச்சு நுழைச்சு விடவேணும். இப்ப நாலரை மாசம். அந்த நோ போயிட்டுது, மேல் தட்டில இருக்கிற கோப்பையை நானே எடுக்கிறன், அதுவே பெரிய காரியம்.

என்ர கேள்வி என்னெண்டா, 17 வருசமா நாங்கள் ஆறு பேர் நவம்பர் முதல் கிழமை பரி சவுண்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போறனாங்கள், ஒரு வருசமும் விட்டதில்லை. என்ர துவக்கு 30-06, போல்ட் அக்சன், மரப்பிடி. வசந்தகாலத்தில வான்கோழிக்கு 12 கேஜ் சொட்கன். ஒப்பரேசன் செய்த டொக்டரிட்டக் கேட்டன், "ஆறு மாசம் போகட்டும் பாப்பம்" எண்டவர், அவ்வளவுதான், அதுக்கு மேல கேக்க நேரம் கிடைக்கேல்லை. அடுத்த அப்பொயின்மென்ட் நவம்பர் கடைசியில, வேட்டை அதுக்கு முந்தியே முடிஞ்சிடும்.

போன கிழமை பேஸ்மென்டில துவக்கைத் திறந்து உள்ளுக்குள்ள ஒண்டும் இல்லையெண்டு ரெண்டு தரம் பாத்திட்டு, கண்ணாடிக்கு முன்னால நிண்டு தோளில வச்சுப் பாத்தன். தூக்க ஏலும், கொஞ்சம் நடுங்குது. ஆனா பிடியின்ர ரப்பர் வந்து இருக்கிற இடத்தைப் பாத்தாத்தான் பயம், வெட்டின தழும்பு காறை எலும்புக்குக் கீழ துவங்கிக் கைப்பக்கம் இறங்குது, ரப்பர் நேரே அதுக்கு மேலதான் குந்துது. 30-06 அடிச்சா அந்த உதை முழுக்க அதுக்குள்ளதானே போகப்போகுது. உள்ளுக்கு வச்ச பிளாஸ்டிக் கழண்டு போகுமோ? இடது தோளுக்கு மாறலாமோ இந்த வயசில? அனுபவப்பட்டாக்கள் ஆரும் சொல்லுங்கோ, வேட்டையை விடுங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதை வீட்டில ஏற்கனவே மூண்டு பேர் சொல்லிட்டினம்.

நெல்லை டு டெக்சாஸ்:

அண்ணாச்சி வணக்கம். நானும் உங்க கேஸ்தான், ஆனா எனக்கு வச்சது ரிவர்ஸ். 2022ல ஏணில இருந்து விழுந்து வலது தோள் எலும்பு நாலா உடஞ்சு போச்சு, உள்ள இருக்க தசைநாரும் கிழிஞ்சுட்டு, அதனால பந்து இருக்க வேண்டிய இடத்துல குழியும் குழி இருக்க வேண்டிய இடத்துல பந்தும் மாத்தி வச்சுட்டாங்க. இப்போ 66 வயசு, போன சீசன்ல ரெண்டு மான் எடுத்தேன், அதனால முடியாதுன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

ஆனா எப்படி வந்தேன்னு கேட்டுக்கோங்க. அஞ்சாவது மாசம் டாக்டர் சரின்னு சொன்ன பிறகு ஒரு .22, ரொம்ப சின்ன குண்டு போடுற துப்பாக்கி, அதுவும் மேசையில மணல்மூட்டை வச்சு உக்காந்து, ஒரு நாளைக்கு பத்து ரவுண்டு. அதுல உதைன்னு ஒண்ணுமே கிடையாது, ஆனா துப்பாக்கிய தூக்குறது, கன்னத்த வைக்கிறது, மூச்ச அடக்குறதுன்னு எல்லாம் திரும்ப வந்துச்சு. எட்டாவது மாசம்தான் .243, அது உதை கம்மியான மான் துப்பாக்கி. பலமா உதைக்கிற பழைய 300 வின் மேக்னம வித்துட்டேன், பதினஞ்சு வருசம் வச்சிருந்தது, கொடுக்கும்போது மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இங்க சைலன்சர் போட்டுக்கலாம், அது சத்தத்தோட உதையையும் கொறைக்குது, கனடாவுல அது தடைன்னு தெரியும், நீங்க குழாய் நுனில மாட்டி உதைய கொறைக்கிற மசில் பிரேக் போடலாம், ஆனா அது போட்டா பக்கத்துல நிக்கறவன் காது போயிரும், கேம்புல எல்லார்ட்டயும் சொல்லிட்டு காதுக்கு மூடி கட்டாயம் போடுங்க.

இப்போ முக்கியமா ஒண்ணு சொல்றேன். என் தோள பதம் பாத்தது துப்பாக்கி இல்ல, பன்னி. ராத்திரி ஒரு காட்டுப்பன்னி அடிச்சேன், நூறு கிலோ இருக்கும், வண்டி வரைக்கும் இழுக்கணும், நான் முன்னால நடந்துகிட்டு வலது கைய பின்னால விட்டு காலப் பிடிச்சு இழுத்தேன். நாலு எட்டு வைக்கல, தோளுக்குள்ள கடக்குனு ஒரு சத்தம், அப்படியே கைய விட்டுட்டு தரையில உக்காந்துட்டேன். எக்ஸ்ரேல நகரலன்னு சொன்னாங்க, ஆனா ஆறு வாரம் கை ஸ்லிங்ல. கை பின்னால போயி உடம்போட ஒட்டி உள்பக்கம் திரும்புற அந்த பொசிஷன்தான் ரிவர்ஸுக்கு ஆகவே ஆகாததாம், ஆஸ்பத்திரில இருந்து வரும்போதே பேப்பர்ல எழுதிக் கொடுத்திருந்தாங்க, நான் பேண்ட் பின்பாக்கெட்ல கை விடுறதப் பத்தின்னு நெனச்சுட்டேன். எல்லாரும் குண்டு போடுறதப் பத்தியே கேக்காங்க, அதுக்கு முன்னாடி ஏறுறது அதுக்குப் பின்னாடி இழுக்குறது, அதையும் கேளுங்க அண்ணாச்சி.

தோள் பிசியோ:

நான் கோவையில பிசியோவா இருக்கேன், தோள் ஆபரேஷன் ஆனவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க, ரைஃபிள் கிளப்ல சுடுறவங்களும் சிலர் வந்திருக்காங்க. உங்க எக்ஸ்ரேய பாக்காம போகலாம் போகக்கூடாதுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா என்ன கேக்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல உங்களுக்கு வச்சது எதுன்னு தெரிஞ்சுக்கோங்க சார். மூட்டுவாதம் மட்டும், தசைநார் நல்லா இருக்குன்னா பெரும்பாலும் சாதாரண முறை, அதாவது கைப்பக்கம் உலோகப் பந்து, குழிப்பக்கம் பிளாஸ்டிக். அந்த ஆபரேஷன்ல உள்ள போகணும்னா முன்பக்கம் இருக்கற சப்ஸ்கேப்புலாரிஸ்னு ஒரு தசைநார பெரும்பாலும் பிரிச்சுட்டு கடைசில திரும்ப தைப்பாங்க. ஆரம்ப மாசங்கள்ல நாங்க பயப்படறதே அந்தத் தையலுக்குத்தான். உள்ளங்கைய தொப்புள் மேல வச்சு முழங்கை பின்னால போகாம வயித்த உள்ள அழுத்த முடியுதான்னு உங்க பிசியோ பாத்திருப்பாங்க, பாக்கலைன்னா பாக்கச் சொல்லுங்க, வீட்டுல நீங்களா பலத்தோட செஞ்சு பாக்காதீங்க.

பிளாஸ்டிக் கழருமான்னு கேட்டிருந்தீங்க. நியாயமான பயம், சாதாரண முறையில வருஷங்கள் கழிச்சு பிரச்சனை வர்றது பெரும்பாலும் அந்தக் குழிப்பக்கம்தான். பந்து குழியோட நடுவுல அழுத்தினா பரவாயில்ல, ஓரத்துல திரும்பத் திரும்ப அழுத்தினா எதிர் ஓரம் கொஞ்சம் எழும்பும், ஆடுகுதிரை முன்னும் பின்னும் ஆடற மாதிரி, அப்படியே நாளடைவுல பிடிப்பு விடும். துப்பாக்கி உதை முன்னாடியிருந்து பின்னாடி தள்ளுது, அதனால எத்தனை உதை, எவ்வளவு பலம்ங்கற ரெண்டையும் சேர்த்துத்தான் யோசிக்கணும். மான் வேட்டைன்னா சீசனுக்கு ரெண்டு மூணு குண்டு, ட்ராப், அதாவது பறக்கற களிமண் தட்ட சுடறவங்க ஒரே நாள்ல நாலு ரவுண்டு போனா, ரவுண்டுக்கு 25ன்னு நூறு குண்டு. டாக்டர்கிட்ட "வேட்டைக்குப் போலாமா"ன்னு கேட்டா அவர் மனசுல எது ஓடுதோ தெரியாது, அதனால துப்பாக்கி எடை எவ்வளவு, உதை எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை குண்டு, எந்த இடத்துல படுதுன்னு எழுதிக் கொண்டு போங்க. நீங்க துப்பாக்கிய தோள்ல வச்சு நிக்கற போட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, அத பாத்தா ஒரு நிமிஷத்துல புரியும். நவம்பர் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இதை இப்பவே போன்ல நர்ஸ்கிட்ட சொல்லி கேட்டுப் பாருங்க.

நாலரை மாசத்துல 30-06 வேண்டாம்ங்கறது என் சொந்த அபிப்பிராயம். தூக்கறப்ப நடுங்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நடுங்கற தோள் துப்பாக்கிய இறுக்கிப் பிடிக்காது, இடைவெளி விழும், அப்ப உதை தள்ளாது, குத்தும்.

மார்க்கம் ட்ராப்:

அண்ணை, கடைசியா பிசியோ சொன்ன அந்த இடைவெளிக் கதை நூறு வீதம் உண்மை, தளர்வாப் பிடிச்சா தோளுக்கும் அடி, ஸ்கோப்பும் புருவத்தை வெட்டும், எனக்கு அந்தத் தழும்பு இப்பவும் இருக்கு.

உதைக் கணக்கு டொக்டருக்கு எழுதுறதுக்கு: எட்டு இறாத்தல் துவக்கில 30-06, 180 கிரெயின் குண்டு எண்டா கிட்டத்தட்ட 20 அடி-இறாத்தல். .243ல 100 கிரெயின் போட்டா 9க்குக் கிட்ட, அதாவது பாதிக்கும் குறைய. நீங்கள் வான்கோழிக்கு அடிக்கிற 12 கேஜ் மூண்டு அங்குலத் தோட்டா 40ஐத் தாண்டும், மான் துவக்கை விட ரெண்டு மடங்கு, ஆக்கள் அதைக் கவனிக்கிறேல்லை. எனக்கு உங்கட மான் வேட்டையை விட வான்கோழிதான் பயமாக் கிடக்கு. அதுக்கு 20 கேஜ் சட்டப்படி போதும், வெடிக்கிற காஸால தானா அடுத்த தோட்டாவை ஏத்துற செமி ஒட்டோ எடுத்தா உதை ஒரே அடியா வராமல் இழுபட்டு வரும். அதோட துவக்குப் பாரம் கூடினா உதை குறையும், அதே தோட்டாவுக்குத் துவக்கு ரெண்டு மடங்கு பாரமெண்டா உதை பாதி. ஆனா பாரத்தைத் தூக்குறதும் அதே தோள்தானே, எண்டபடியா துவக்கை மூண்டு கால் தாங்கி, அந்த முக்காலியில வச்சுச் சுடுங்கோ, நிண்டு கையில தூக்கிச் சுடுற காலம் போயிட்டுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

இடது தோள் விசயம். நான் 54 வயசில மாறினனான், வலது தோளில தசைநார் கிழிஞ்சது, மாத்துற அளவுக்குப் போகேல்லை. முதல் மாசம் அழுகை வரும், கன்னம் எங்க வைக்கிறதெண்டே தெரியாது, விரல் சொன்ன சொல்லுக் கேக்காது. நான் செய்தது, ஒவ்வொரு நாளும் பின்னேரம் வெறும் துவக்கை இருபது தரம் இடது தோளுக்குத் தூக்கி வைக்கிறது, சுடுறேல்லை, தூக்கி வச்சு இறக்கிறது மட்டும். ஆறாம் கிழமையில தன்ர பாட்டில வந்து இருக்கத் துவங்கிச்சு. முதல்ல எந்தக் கண் பலமான கண் எண்டு பாருங்கோ, ரெண்டு கையையும் நீட்டி விரலுகளுக்கு நடுவில சின்ன ஓட்டை விட்டுத் தூரத்தில ஒரு பொருளை ரெண்டு கண்ணாலயும் பாத்து, பிறகு ஒவ்வொரு கண்ணா மூடுங்கோ, எந்தக் கண்ணை மூடேக்க பொருள் மறையுதோ அதுதான் பலமான கண். உங்கட துவக்கின்ர போல்ட் வலப்பக்கம், இடது தோளில வச்சா அதை இழுக்க இடது கையை மேலால கொண்டு வரவேணும், ஏலும், ஆனா ரெண்டாவது குண்டு பிந்தும். என்னட்டை இடதுகைக்காரருக்கெண்டு போல்ட் இடப்பக்கம் வச்ச .243 ஒண்டு இருக்கு. இப்ப வெறும் துவக்கா இடது தோளில வச்சுப் பாருங்கோ, பிடிச்சுதெண்டா பிறகு பேசுவம்.

வன்னிப்பெடியன்:

ஐயா கிராஸ்போ எடுக்கலாமே, ஒன்ராறியோவில வில்லுச் சீசனுக்கு அது சரிதானே, உதையும் இல்லை.

மார்க்கம் ட்ராப்:

தம்பி நல்ல யோசனைதான், ஆனா அதை இழுத்துப் பூட்டுறதுக்கு எவ்வளவு பலம் வேணும் எண்டு யோசி, 150 இறாத்தலுக்கு மேல இழுக்கிற வில்லு, கயிறு போட்டு இழுத்தாலும் பாதி வரும், அது ரெண்டு தோளிலயும் விழும். கைபிடி சுத்திப் பூட்டுற கிராங்க் வச்சதெண்டா மட்டும் அண்ணைக்குச் சரிவரும்.

ஸ்காபரோ வேடன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இவ்வளவு விபரம் ஆஸ்பத்திரியில கூடக் கிடைக்கேல்லை, அங்க ஆக்களுக்கு நேரமில்லை எண்டுதான் நினைக்கிறன்.

இண்டைக்குக் காலமை நர்ஸுக்கு அடிச்சன். எனக்கு வச்சது சாதாரண முறைதான், குழிப்பக்கம் பிளாஸ்டிக், தசைநார் நல்லா இருந்ததாம். டொக்டரிட்டக் கேட்டுத் திரும்ப எடுத்தவ. எட்டாம் மாசத்துக்கு முந்தி வலது தோளில எந்தத் துவக்கும் வேண்டாம், பிறகு படம் எடுத்துப் பாத்திட்டுச் சின்னதில துவங்கலாம் எண்டிருக்கிறார். இடது தோளில வச்சு, வலது கையால முன்னுக்குத் தாங்குறதெண்டாலும் அதுவும் மூண்டரைக் கிலோ பாரம்தானே எண்டு நான் கேட்டன், முக்காலியில வச்சா ஓம் எண்டவர்.

அப்ப இந்த நவம்பர் நான் கேம்புக்குப் போறன், துவக்கு இல்லாமல். பெடியளோட கதைச்சிட்டன். எங்கள்ல மிச்ச ஐஞ்சு பேரும் சேந்து வேட்டையாடுவினம், நான் காலமை மூண்டரைக்கு எழும்பித் தேத்தண்ணி வச்சு, புட்டு அவிச்சு, பகல்ல ரேடியோவோட கேம்பில இருப்பன். மான் விழுந்தா இழுக்கிறதுக்கும் நான் போறேல்லை, அந்தப் பன்னிக் கதையை வாசிச்சதுக்குப் பிறகு ஒரு பக்கம் நானும் பிடிக்கிறன் எண்டு சொல்ல மாட்டன், நெல்லை ஐயா அதை எழுதினதுக்குத் தனியா நன்றி. ஏணி வச்ச மர மேடையும் இனி இல்லை, அடுத்த வருசம் நிலத்தில கூடாரம்.

மார்க்கம் தம்பி, கண் பாத்தன், எனக்கு வலது கண்தான் பலம். வான்கோழிக்கு 20 கேஜை இடது தோளில வச்சா வலது கண் இழுத்துக்கொண்டு போகும் எண்டு நினைக்கிறன், ஸ்கோப் வச்ச .243க்கு வலது கண்ணை மூடினாச் சரியோ, அல்லது மூக்குக்கண்ணாடியில டேப் ஒட்ட வேணுமோ? இண்டைக்குப் பின்னேரமே வெறும் துவக்கை முக்காலியில வச்சு இடது தோளில இருபது தரம் வச்சுப் பாத்தன், கன்னம் வைக்கிற இடம் நீர் சொன்ன மாதிரியே பிடிபடேல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சுக்கு வாறன், அந்த இடதுகை .243ஐயும் கொண்டு வாரும், தோட்டா நான் வாங்கி வாறன்.

மார்க்கம் ட்ராப்:

ஸ்கோப்புக்குக் கண்ணை மூடினாக் காணும் அண்ணை, 20 கேஜுக்குத்தான் டேப், வலது கண்ணாடியில கண்மணிக்கு நேரே ஒரு சதக்காசு அளவில ஒட்டுங்கோ, முழுக்க மறைக்க வேண்டாம். 100 கிரெயின் தோட்டா வாங்குங்கோ, ஒரு பெட்டி காணும், ஐஞ்சுக்கு மேல அண்டைக்கு அடிக்க விடமாட்டன். முக்காலி என்னட்டை இருக்கு, நீங்கள் ஒண்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ.