டெம்ப்சி – வில்ஸ் ஒப்பந்த முறிவு, 1926: ஏற்பாட்டாளருக்கு நீதி கிடைத்ததா?

நடுவர்மணி

1926 மார்ச் 13 அன்று சிக்காகோ கொலிசியம் கிளப் என்ற நிறுவனம், அப்போதைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் டெம்ப்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. செப்டம்பரில் அவர் ஹாரி வில்ஸுடன் மோத வேண்டும். கையெழுத்திடும்போது 10 டாலர், ஆகஸ்ட் 5 அன்று 3 லட்சம் டாலர், போட்டிக்குப் பத்து நாள் முன்னதாக 5 லட்சம் டாலர், வசூல் 20 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட நிகர லாபத்தில் பாதி என்று பேசி முடித்தார்கள். அதுவரை வேறு எவருடனும் மோதுவதில்லை என்றும், தம் உயிருக்கும் உடல்நலத்துக்கும் நிறுவனத்தின் பெயரில் காப்பீடு செய்ய உடன்படுவதாகவும் டெம்ப்சி ஒப்புக்கொண்டார். ஆனால் காப்பீட்டுப் பரிசோதனைக்கு அழைத்தபோது, ஜீன் டன்னி என்ற வேறொரு வீரருடனான போட்டிக்குப் பயிற்சி செய்வதால் நேரமில்லை, உங்களிடம் ஒப்பந்தமே கிடையாது என்று ஜூலை 10 அன்று தந்தி அடித்துவிட்டார்.

வழக்கு 1932இல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதை ஏற்ற நீதிமன்றம், கிளப் கோரிய எதிர்பார்த்த லாபத்தைத் தள்ளி, கையெழுத்துக்கும் தந்திக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தப் போட்டிக்கென்றே செய்த செலவை மட்டும் கோரலாம் என்று வரம்பு கட்டி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. டன்னியுடன் மோதி ஏழு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய ஒருவர், முறித்த வாக்குக்கு நான்கு மாதச் சில்லறைச் செலவைக் கொடுத்தால் போதும் என்பதை என்னால் நியாயம் என்று ஏற்க இயலவில்லை.

கயிற்றோரம்

தீர்ப்பு சரியானது என்பது என் உறுதியான கருத்து. நடக்காத போட்டியின் லாபத்தை எந்த அடிப்படையில் கணக்கிடுவது? மழை பெய்திருக்கலாம், பயிற்சியில் ஒருவருக்கு எலும்பு முறிந்திருக்கலாம், சீட்டு விற்காமலே போயிருக்கலாம். டெம்ப்சிக்கு 8 லட்சம், வில்ஸுக்குப் பேசிய 50,000 என்று எடுத்துக்கொண்டால், அரங்கச் செலவுக்கு முன்பே எட்டரை லட்சம் டாலர் தேவைப்படுகிறது. ஏறக்குறைய பத்து லட்சம் வசூலானால்தான் கைமுதல் மீளும். அதுவரை குத்துச்சண்டையில் அந்தத் தொகையைத் தாண்டியவை 1921இன் கார்பென்டியே போட்டியும் 1923இன் ஃபிர்போ போட்டியும்தான். இரண்டையும் நடத்தியவர் இந்த கிளப் அல்ல, பெரிய ஏற்பாட்டாளரான டெக்ஸ் ரிக்கார்ட்.

நீதிமன்றம் தள்ளிய மற்ற இரண்டு கோரிக்கைகளையும் பாருங்கள். கையெழுத்துக்கு முந்தைய செலவு, டெம்ப்சி எந்த வாக்கும் கொடுக்காத காலத்தில் ஏற்பாட்டாளர் தம் துணிச்சலில் செய்தது. தந்திக்குப் பிறகு இண்டியானாவில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெறச் செய்த செலவோ, அவர் வரமாட்டார் என்று தெரிந்த பிறகு தம் பொறுப்பில் செய்தது.

நடுவர்மணி

தாங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டு போட்டிகளிலும் டெம்ப்சிதானே மோதினார்? 1926 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் டன்னி போட்டியின் வசூல் சுமார் 19 லட்சம் டாலர். மறு ஆண்டு அதே சிக்காகோவில், சோல்ஜர் ஃபீல்டில், அவர்களுடைய மறுபோட்டி 26 லட்சத்தைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் எழுதிய 20 லட்சம் வெறும் கனவுக் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? லாபத்தின் அளவு நிச்சயமற்றுப் போனதற்கே காரணம் ஒப்பந்தத்தை முறித்தவர்தான் எனும்போது, அந்த நிச்சயமின்மையின் பலனை அவருக்கே தருவது எவ்வகை நீதி?

முன்செலவு பற்றியும் மாறுபட்ட வழி உண்டு. 1971இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், படப்பிடிப்பிலிருந்து விலகிய அமெரிக்க நடிகர் ராபர்ட் ரீடிடமிருந்து ஆங்கிலியா தொலைக்காட்சி நிறுவனம் கோரிய 2,750 பவுண்டு முழுவதையும் அனுமதித்தது. அதில் பெரும்பகுதி அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே செலவானது. தாம் விலகினால் அந்தச் செலவு வீணாகும் என்று அவர் அறிந்திருப்பார் என்பதே அங்கே போதுமான காரணமாயிற்று. வில்ஸுடன் கிளப் ஒப்பந்தம் செய்தது மார்ச் 6 அன்று, அதாவது டெம்ப்சி கையெழுத்திடுவதற்கு ஒரு வாரம் முன்பு. எதிராளியை ஏற்கெனவே உறுதிசெய்துவிட்டுத்தான் தம்மிடம் வந்திருக்கிறார்கள் என்பது டெம்ப்சிக்குத் தெரியாதா?

கயிற்றோரம்

பின்னால் வந்த வசூலைக் கொண்டு முன்னால் நடக்காத போட்டியை அளக்க முடியாது. டெம்ப்சி என்ற பெயர் மட்டும் போதும் என்றால், 1923 ஜூலை 4 அன்று மொன்டானா மாநிலத்தின் ஷெல்பியில் நடந்ததற்கு என்ன விளக்கம்? அங்கும் மோதியவர் இதே சாம்பியன். எதிராளி டாமி கிப்பன்ஸ். டெம்ப்சிக்கு 3 லட்சம் டாலர் என்று வாக்களித்து, 40,000 பேர் அமரும் மர அரங்கத்தை எழுப்பினார்கள். போட்டி நடக்குமா என்ற ஐயம் கடைசிவரை நீடித்ததால் கூட்டம் வரவில்லை. கட்டணம் செலுத்தியவர்கள் சுமார் 7,000 பேர். அதன்பின் வட்டார வங்கிகள் சில மூழ்கின. சாம்பியன் ஒருவரே, ஷெல்பியில் நட்டம், கார்பென்டியேயுடன் மோதிய ஜெர்சி சிட்டியில் லட்சங்கள். வசூலை முடிவு செய்தது ஏற்பாட்டாளரின் திறமையும் பணபலமும்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆகஸ்ட் 5 அன்று கட்ட வேண்டிய 3 லட்சம் டாலர் அந்த கிளப்பிடம் இருந்ததா என்பது சோதிக்கப்படவே இல்லை. கையில் கொடுத்தது 10 டாலர்.

கருமை

இருவரும் ஏற்பாட்டாளரின் இழப்பையே எடைபோடுகிறீர்கள். அந்த ஒப்பந்தம் முறிந்ததில் ஈடு செய்யவே முடியாத இழப்பு அடைந்தவர் கறுப்பின வீரரான ஹாரி வில்ஸ். 1915இல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் மேடையேறும்வரை, ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோத ஒரு கறுப்பின வீரருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் வில்ஸுக்கே முன்னுரிமை என்று பிடிவாதமாக நின்றது. அதனால்தான் டன்னி போட்டி ஃபிலடெல்ஃபியாவுக்கு நகர்ந்தது. வில்ஸுக்கு அப்போது வயது 37. அந்த அக்டோபரில் ஜாக் ஷார்க்கியிடம் தகுதிநீக்கத்தால் தோற்றார். அத்தோடு அவருடைய கதவு அடைபட்டது. சிக்காகோ ஒப்பந்தம் அவருக்கு வியாபாரம் மட்டுமாக இருந்திருக்க முடியாது.

கயிற்றோரம்

அந்த அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வழக்கில் வாதி வில்ஸ் அல்லர், கிளப். அவருடைய இழப்பைக் காட்டி கிளப்புக்கு லாபக் கணக்கு எழுதித் தர நீதிமன்றத்தால் இயலாது.

நடுவர்மணி

எழுதித் தர வேண்டாம். கிளப்பின் கணக்கில் முன்செலவையாவது சேர்த்திருக்கலாம் என்பதே என் வாதம். வில்ஸை ஒப்பந்தம் செய்ய மார்ச் 6 வரை ஆன செலவு, டெம்ப்சி கையெழுத்திட்ட அதே போட்டிக்கானது. வேறு எதற்கும் அது பயன்பட வழியில்லை. ஒரு வார இடைவெளியைக் காட்டி அதைத் தள்ளியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.