அப்பாவின் மைக்செட் கடை ரிக்கார்டுகள்: எங்கே ஆரம்பிப்பது?

மைக்செட்காரர் மகன்:
கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊரில் அப்பா ரேடியோ செட் கடை வைத்திருந்தார். கேசட் வந்து, சிடியும் வந்து, கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது இரண்டு தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டு இறங்கியது. பெரிய தட்டான எல்பி 60 இருக்கும், சின்னத் தட்டான ஈபி 50, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் கனமான பழைய தட்டு (78) ஒரு 30. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கதை வசனம் எல்லாம் கலந்து கிடக்கிறது. உறை மேலும் லேபிள் மேலும் அப்பா பேனாவால் "பெண் அழைப்பு", "தாலி கட்டும்போது", ஒன்றில் "துட்டி வீட்டுக்கு" (சாவு வீட்டுக்கு) என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் வெள்ளையாகப் பூஞ்சை.

அவசரப்பட்டு ஆன்லைனில் சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயர் வாங்கினேன். பாட்டை விட அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் அதிகம், முள் வேறு குதிக்கிறது. அப்பாவின் பழைய பிளேயரில் முள்ளைத் தாங்கும் கையில் ஒரு சதுர 5 பைசாவை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார், நானும் அப்படி ஒட்டலாமா? ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? "எல்லாப் பாட்டும் போன்லயே வருதே, எதுக்குடா காசைக் கரியாக்குற" என்கிறார் அப்பா, வயது 79.

ஊசிமுனை:
தம்பி, முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அழுக்கோடு ஓட்டினால் அந்தத் தூசியை முள்ளே தட்டில் பாட்டுப் பதிந்திருக்கும் பள்ளத்தில் அரைத்துவிடும்.

78-ஐ ஸ்பிரிட் பக்கமே கொண்டு போகாதீர்கள். அது எல்பி மாதிரி வினைல் பிளாஸ்டிக் இல்லை, பெரும்பாலும் அரக்கு. தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? உங்கள் தட்டும் அப்படியே கரையும். 78-க்கும் எல்பிக்கும் பொதுவாக, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற வாக்கில் வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். அப்புறம் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. பூஞ்சை பிடித்ததை வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு துடைப்பது நல்லது.

5 பைசா விஷயம்: கல்யாண வீட்டில் ஆள் நடந்தாலே முள் குதிக்கும், அதற்காக அந்தக் காலத்தில் பலரும் காசு வைத்தார்கள். பாட்டு நிற்காமல் ஓடியது, பள்ளம்தான் தேய்ந்துபோனது. நீங்கள் வைக்காதீர்கள்.

வெயில் பட்டவன்:
கழுவிவிட்டு மொட்டை மாடியில் காயவைக்காதீர்கள். நான் வைத்தேன். அரை மணி நேரத்தில் எல்பி தோசைக்கல் மாதிரி குழிந்துவிட்டது. நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். பெட்டியிலும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். எங்கள் வீட்டில் அடியில் கிடந்த 78 நாலும் பாரம் தாங்காமல் உடைந்தே போயின.

தேனி வாத்தியார்:
சூட்கேஸ் பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முள்ளின் பாரத்தைச் சரிசெய்ய வசதியுள்ள, 78 வேகமும் உள்ள டர்ன்டேபிள் வேண்டும். ஒரே முள் எல்லாவற்றுக்கும் ஆகாது. 78-இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் முள் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பிக்கு 1 மில் அல்லது அதற்கும் கீழே. எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற குப்பையில் உரசிக்கொண்டு போகும், நீங்கள் கேட்ட அப்பளச் சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காசு வைத்துத் தேய்ந்த தட்டுகளுக்கு வேறு அளவு முள் போட்டுப் பாருங்கள், தேயாத இடத்தில் உட்கார்ந்தால் சத்தம் தெளியும்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். உச்ச சத்தம் -6 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள். மணிக்கு 2 ஜிபி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைல் ஆக்கினால் கிட்டத்தட்ட பாதி. மோனோ தட்டையும் ஸ்டீரியோவாகவே எடுங்கள், இடது, வலது இரண்டு ஒலியில் எது சுத்தமோ அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். டிக் டிக் என்ற கீறல் சத்தத்தை (கிளிக்) நீக்குகிற வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலம் அப்படியே இருக்கட்டும். நீக்குகிறேன் என்று கிளம்பிப் பலர் மிருதங்கத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்.

பரண் பூனை:
எல்லாரும் முள்ளைப் பற்றியே பேசுகிறீர்கள். எல்பி 60-க்கே, ஒரு தட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும், 45 மணி நேரம் ஓட வேண்டும். அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, ஹிட் பாட்டெல்லாம் நல்ல தரத்திலேயே கிடைக்கிறது. கதை வசனம், நாடகம், கிடைக்காத 78, இவற்றை முதலில் எடுங்கள். புது உறை மாற்றுவதற்கு முன் பழைய உறையையும் லேபிளையும் படம் பிடியுங்கள். "துட்டி வீட்டுக்கு" என்று எழுதின உறை எந்த இணையதளத்திலும் கிடைக்காது. எந்த வீட்டில் எதைப் போட்டார், ஏன் போட்டார் என்று அப்பாவைப் பேசவிட்டு அதையும் பதிவு செய்யுங்கள், அந்த நினைவு 79 வயதில் இருக்கிறது, தட்டு காத்திருக்கும்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் கவனம். நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, பாட்டுக்கும் இசைக்கும் உரிமை தனி.

மைக்செட்காரர் மகன்:
எல்லாருக்கும் நன்றி. பிளேயரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நேற்று முதல் தட்டைக் கழுவினேன், அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "லேபிளை நனைக்காதேடா, அது மைப்பேனா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் "பெண் அழைப்பு 3" என்ற எழுத்து பாதி கரைந்து ஓடிவிட்டது. லேபிள் மேல் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடியை வைத்து அழுத்திப் பிடித்தும் ஒழுகுகிறது. வேறு வழி உண்டா?

ஊசிமுனை:
குழாயடியில் பிடித்தீர்களா? அது வேண்டாம். மேஜையில் துண்டு விரித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். லேபிளுக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்து உள்ள தட்டை எல்லாம் முதலில் படம் பிடித்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.