நம்பிக்கையால் வரும் நிவாரணம் ஆஸ்துமாவில் எதுவரை செல்லும்?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 64. இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா உள்ளது. உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பொடியை இரண்டு மாதங்களாகத் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வரும் அவர், இளைப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி இன்ஹேலரை அடியோடு நிறுத்திவிட்டார். அது மனத்தின் வேலையாக இருக்கலாம் என்றேன். அப்படியானால் அந்த மனம் நுரையீரலையும் சரிசெய்யாதா என்று திருப்பிக் கேட்கிறார். எனக்கு விடை தெரியவில்லை, அச்சமாக இருக்கிறது.

பதில் 1:
அவருடைய கேள்விக்கு நேரடியாக விடை தரும் ஆய்வொன்று 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. மைக்கேல் வெக்ஸ்லர், டெட் கேப்சக் முதலியோர் பாஸ்டனில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஒரு நாள் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் இன்ஹேலர், ஒரு நாள் மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு நாள் போலி அக்குபங்சர், ஒரு நாள் சிகிச்சையே இன்றிக் காத்திருப்பு என மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு சுகம் என்று கேட்டபோது, மருந்துக்கு 50 சதவீதம் என்று மதிப்பிட்டவர்கள், மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46, வெறுமனே காத்திருந்ததற்கு 21 என்றார்கள். ஆனால் முதல் ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றை ஸ்பைரோமீட்டரில் அளந்தபோது, சால்பியூட்டமால் அதை 20 சதவீதம் உயர்த்தியிருந்தது. மற்ற மூன்றிலும் உயர்வு ஏறத்தாழ 7 சதவீதமே. உங்கள் தந்தை உணரும் சுகம் உண்மையாகவே இருக்கலாம். இறுகிய மூச்சுக்குழாய் இறுகியபடியே இருக்கவும் கூடும். திணறல் தெரியாததால் அவர் தாமதமாகத்தான் மருத்துவமனைக்குப் போவார் என்பதே என் கவலை.

பதில் 2:
வலியில் மனத்தின் செல்வாக்கு இன்னும் ஆழமானது. ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர் நடத்திய ஆய்வு 1978-இல் வெளியானது. அதில், மருந்துப்போலியால், அதாவது மருந்தில்லாத போலிச் சிகிச்சையால், வலி தணிந்தவர்களுக்கு நலோக்சோன் செலுத்தியதும் வலி மீண்டும் ஏறியது. நலோக்சோன் தடுப்பது அபினி வகைப் பொருள்களின் செயலை என்பதால், உடலே சுரக்கும் அபினி போன்ற எண்டார்பின்கள்தான் அந்த வலியைத் தணித்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். ஆகவே "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அவரைப் புண்படுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டதுண்டு. அப்படியிருந்தால் இளைப்பு குறைந்ததற்கு நம்பிக்கை காரணமே ஆகாது. அந்தப் பொடியைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொடியோடு மருத்துவரிடம் போங்கள்; ஊதும் காற்றின் உச்ச வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மீட்டர் வாங்கினோம். "இன்று நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்ன காலையில் அளவு 210. என் வற்புறுத்தலுக்காக இன்ஹேலர் எடுத்து இருபது நிமிடம் கழித்து ஊதியபோது 290. இரண்டையும் அவரே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், பொடியையும் கொண்டுபோகிறோம்.